அந்தத் தாளில் கத்திரி வெயில் இல்லை

கல்யாணத்துக்கு முன்னால் உதட்டில் ஃபில்லர் போட்டுக்கொள்வது சென்னையில் இப்போது காதோடு காதாகப் பேசும் விஷயமில்லை. ‘ப்ரைடல் பேக்கேஜ்’ என்று போர்டு வைத்தே விற்கிறார்கள். போடலாமா, கூடாதா என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. காதிலும் மூக்கிலும் குத்திக்கொண்டு வளர்ந்த நாம் உதட்டில் ஊசி என்றதும் முகம் சுளிப்பது எனக்கு வேடிக்கையாகத்தான் இருக்கிறது. என் புகாரெல்லாம், போட்டு முடித்ததும் கையில் கொடுத்தனுப்புகிறார்களே ஒரு தாள், அதன் மேல்தான்.

சானாவுக்குப் போகாதீர்கள். ஹாட் டப்பில் இறங்காதீர்கள். டேனிங் பெட்டில் படுக்காதீர்கள். இரண்டு நாளைக்கு ஜிம் வேண்டாம், மது வேண்டாம். எல்லாம் சரியான அறிவுரைதான். ஆனால் படித்தவுடனே தெரிந்துவிடும், குளிர்நாட்டுக்காரர் ஒருவர் குளிர்நாட்டுக்காரர்களுக்காக எழுதியது. என் அண்ணன் மகள் அதை ஒருமுறை மேலிருந்து கீழே பார்த்துவிட்டு, “நமக்குப் பிரச்சினையே இல்ல அத்தை, இதுல ஒண்ணுகூட நம்ம வீட்ல கிடையாது” என்றாள். மே மாதத்து மத்தியானம் அது. கிளினிக்கிலிருந்து வீட்டுக்கு ஸ்கூட்டியில் போவதாகத் திட்டம்.

சூடு ஏன் ஆகாது என்பதை அந்தத் தாள் சொல்வதில்லை. சொல்லியிருந்தால் அவளே மிச்சத்தைக் கண்டுபிடித்திருப்பாள். உதட்டுக்குள் போவது பெரும்பாலும் ஹயலூரானிக் அமிலம் என்ற ஜெல். 1934இல் கார்ல் மேயரும் ஜான் பால்மரும் மாட்டின் கண்ணுக்குள்ளிருந்து பிரித்தெடுத்த பொருள் இது. நம் தோலிலும் மூட்டிலும் இயல்பாகவே இருக்கிறது. (இப்போது ஃபில்லருக்கு நுண்ணுயிர்களை வளர்த்துத் தயாரிக்கிறார்கள். ஆகவே சைவ வீடுகள் நிம்மதியாக இருக்கலாம்.) ஒரு தடவைக்கு அரை மில்லியிலிருந்து ஒரு மில்லி, டீஸ்பூனில் ஐந்தில் ஒரு பங்குகூடத் தாண்டாது. அந்தத் துளிக்கு நீரை இழுத்து வைத்துக்கொள்ளும் குணம் உண்டு. உதடோ ரத்தக்குழாய்கள் நெருக்கமாக ஓடும் இடம். அங்கே ஊசி பல தடவை ஏறி இறங்கியிருக்கிறது. இந்த நிலையில் உடம்பு சூடானால் குழாய்கள் விரியும், ரத்த ஓட்டம் கூடும், கசிவும் கூடும். வீக்கம் அதிகமாகும், கன்றிப்போன நீலம் பரவும். எப்படியும் முதல் இரண்டு நாள் வீக்கம் உச்சத்தில்தான் இருக்கும், ஒரு வாரத்தில் வடியும், சரியான வடிவம் தெரிய இரண்டு வாரமாகும். சூடு இந்தக் கணக்கை இழுத்தடிக்கும்.

சூடு என்பது சானாவிலிருந்து வந்ததா, சமையலறையிலிருந்து வந்ததா என்று உதட்டுக்குத் தெரியாது.

டேனிங் பெட் விஷயத்தைத் தனியாகச் சொல்லியாக வேண்டும். பிரிட்டனில் வெயில் கிடைக்காதவர்கள் கண்ணாடிப் பெட்டி மாதிரி ஒரு எந்திரத்துக்குள் படுத்து, புற ஊதாக் கதிரில் தங்களைப் பழுப்பாக்கிக்கொள்கிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2009இல் இந்த எந்திரத்தைப் புகையிலை இருக்கும் அதே முதல் பட்டியலில் சேர்த்தது. பிரேசில் அந்த ஆண்டே தடை செய்தது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு இடமில்லை என்று 2010இல் சட்டம் வந்தது. அதே இங்கிலாந்து 2021இல் ஃபில்லருக்கும் அதே வயதுக் கட்டுப்பாட்டைக் கொண்டுவந்தது. அங்கே ஒரே கடைத்தெருவில், சில நேரம் ஒரே கடையில், இரண்டும் கிடைக்கும். ஃபில்லர் போட்ட கையோடு பெட்டில் ஏறுகிறவர்கள் இருப்பதால்தான் அந்த வரி தாளில் இருக்கிறது.

நம் ஊரில் கதை தலைகீழ். இங்கே யாரும் காசு கொடுத்துக் கறுக்க மாட்டார்கள். கறுத்ததை எடுக்கத்தான் காசு. டேனிங் பெட் இருக்க வேண்டிய இடத்தில் நம் பார்லரில் ‘டி-டேன்’ இருக்கிறது. கல்யாணப் பெண் என்றால் கேட்கவே வேண்டாம். முதலில் க்ளென்சிங், பிறகு ப்ளீச், முகத்தை ஆவியில் காட்டி ஸ்டீம், கட்டை விரலால் மூக்கோரத்திலிருந்து காது வரை அழுத்தி இழுத்து மசாஜ், கடைசியில் பேக். நடுவில் ஒரு பெண் நூலைப் பல்லில் கடித்துக்கொண்டு மேலுதட்டு முடியைச் சரக் சரக்கென்று எடுப்பார். புதிதாக ஃபில்லர் போட்ட உதட்டுக்கு எதெல்லாம் ஆகாதோ, சூடு, அழுத்தம், ரசாயனம், ஆறாத ஊசிப் புள்ளியில் அடுத்தவர் கை, எல்லாம் ஒன்றரை மணி நேரத்தில் ஒரே நாற்காலியில் நடந்து முடிந்துவிடும். பார்லர் பெண்ணைக் குறை சொல்ல முடியாது. அவரிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். சொன்னால் பக்கத்து நாற்காலிக்கும் கேட்குமே என்ற கூச்சம் வேறு. டி-டேன் வேண்டுமென்றால் ஃபில்லருக்கு முன்பே முடித்துக்கொள்ளுங்கள். பிறகு என்றால் இரண்டு வாரம் பொறுங்கள். பல் டாக்டரிடம் க்ளீனிங்குக்குப் போவதும் அப்படித்தான்.

அடுத்து காபி. இதைத் தாளில் யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. ஃபில்லரோடு லிடோகெய்ன் என்ற மரத்துப்போகும் மருந்தும் பெரும்பாலும் கலந்தே வரும். மேலே தடவும் க்ரீமும் சேர்ந்து சில மணி நேரத்துக்கு உதட்டில் சொரணை இருக்காது. வீட்டுக்குள் நுழைந்ததும் நாம் என்ன செய்வோம்? டபராவில் நுரை ததும்ப ஒரு டிகாக்‌ஷன் காபி. எவர்சில்வர் டம்ளர் விளிம்பு என்ன சூடு என்பது விரலுக்குத் தெரியும், மரத்த உதட்டுக்குத் தெரியாது. தூக்கிக் குடிக்கிறவர்கள் தப்பிக்கலாம். எச்சில் பண்ணிக் குடிக்கிற என்னைப் போன்றவர்கள் வெந்த பிறகுதான் உணர்வார்கள். சொரணை திரும்பும் வரை வெதுவெதுப்பாக எதையாவது குடியுங்கள். இளநீர் உத்தமம், ஆனால் ஸ்ட்ரா போட்டு உறிஞ்சாமல் டம்ளரில் ஊற்றிக் குடிக்கச் சொல்கிறார்கள் டாக்டர்கள்.

அடுப்படியும் அப்படியே. தாளிக்கும்போது குனிவது, குக்கரைத் திறந்ததும் முகத்தில் அடிக்கும் ஆவி, சளிக்கு வேது பிடிப்பது, எண்ணெய் தேய்த்துக் கொதிக்கக் கொதிக்கத் தலைக்குக் குளிப்பது, கூந்தலுக்குச் சாம்பிராணி காட்டுவது. எல்லாமே அந்தத் தாளில் உள்ள ‘சானா’வின் சித்தி பெண்கள். இரண்டு நாள் தள்ளிப் போட்டால் ஒன்றும் குறைந்துவிடாது. பாட்டி மஞ்சளைக் குழைத்துக்கொண்டு வந்தால் அன்போடு திருப்பி அனுப்புங்கள். முதல் நாள் ஊசிப் புள்ளிகள் மேல் மஞ்சளும் வேண்டாம், தேங்காயெண்ணெயும் வேண்டாம், லிப்ஸ்டிக்கும் வேண்டாம்.

கல்யாணத்துக்கு நான்கு நாள் முன்னால் போட்டுக்கொண்டு வருகிறவர்களை நினைத்தால்தான் எனக்குப் பகீரென்கிறது. நலங்கு, மஞ்சள், எண்ணெய்க் குளியல், அப்புறம் முகூர்த்தத்தன்று பட்டுப்புடவையும் மாலையுமாக ஹோமகுண்டத்துக்கு இரண்டடி தூரத்தில் உட்கார வேண்டும். மண்டபத்தில் ஏசி ஓடும். மணமேடையில் நெய் எரியும். புகையில் கண்ணைக் கசக்கி, முகத்தைத் துடைத்து, போட்டோகிராபருக்குச் சிரிக்கவும் வேண்டும். முகூர்த்தத்துக்கு ஒரு மாதம் முன்பே முடித்துக்கொண்டால், இதில் எதற்கும் பயப்பட வேண்டாம். வடிவம் பிடிக்காமல் போனாலும் சரிசெய்ய நேரம் இருக்கும்.

வெயிலுக்கு வருகிறேன். கத்திரியில் சென்னை 40 டிகிரியைத் தொட்டுவிடும். வெளியே போனால் உதட்டுக்குக் கிடைப்பது சூடும் புற ஊதாக் கதிரும் சேர்ந்த இரட்டை அடி. உதட்டுத் தோல் மெல்லியது, காப்பதற்கு நிறமியும் குறைவு. நம் நிறத்துக்கு இன்னொரு தொல்லை: காயமோ கன்றலோ ஆறிய இடத்தில் கறுப்புத் தங்கிவிடும் வழக்கம் நமக்கு அதிகம், வெயில் அதை இன்னும் அழுத்தமாக்கும். காய்ச்சல் வந்தால் உதட்டோரம் கொத்தாகக் கொப்புளம் பொரியுமே, அந்த ஹெர்பிஸ் கிருமியைத் தூண்டுவதும் இதே வெயில், ஊசியும் தூண்டும். அடிக்கடி பொரிகிறவர்கள் ஊசிக்கு முன்பே டாக்டரிடம் சொன்னால் மாத்திரை கொடுப்பார். ஊசிப் புள்ளிகள் மூடிய பிறகு எஸ்.பி.எஃப். 30க்குக் குறையாத லிப் பாம், துப்பட்டா அழுத்தாமல் குடை. ஸ்கூட்டிக்காரர்களுக்கு இன்னொன்று: முழு ஹெல்மெட்டை இறக்கும்போது வாயில் உரசும். அன்றைக்கு ஆட்டோவில் போங்கள். என் அண்ணன் மகளையும் அப்படித்தான் அனுப்பினேன், முனகிக்கொண்டே போனாள்.

வெயிலில் ஃபில்லர் உருகி வழிந்துவிடும் என்று ஒரு பேச்சு உண்டு. அது மெழுகில்லை. உடம்புக்குள் எப்போதும் 37 டிகிரியில்தான் இருக்கிறது, உருகுவதாக இருந்தால் உள்ளே போனவுடனேயே உருகியிருக்கும்.

இவ்வளவையும் எழுதுவதற்குக் காரணம் வீக்கம் மட்டுமில்லை. எல்லாவற்றையும் “வெயில்தான், சரியாயிடும்” என்று சொல்லிவிடும் நம் பழக்கம் ஒரு இடத்தில் ஆபத்தாகிவிடும். அபூர்வமாக ஜெல் ஒரு ரத்தக்குழாய்க்குள் போய் அடைத்துக்கொள்ளும், அல்லது வெளியிலிருந்து நெரிக்கும். அப்போது வலி குறையாமல் ஏறிக்கொண்டே போகும். உதட்டிலோ, மூக்குக்குக் கீழேயோ தோல் வெளுக்கும், அல்லது வலை பின்னியது போல ஊதாவாகத் திட்டுத் திட்டாகும். விரலால் அழுத்தி எடுத்தால் போன சிவப்பு சட்டென்று திரும்பாது. இது சாதாரண வீக்கமில்லை. ஐஸ் வைத்துக்கொண்டு விடியட்டும் என்று காத்திருந்தால் தோலே செத்துப்போகலாம். பார்வை மங்கினால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது. ஹயலூரானிக் அமிலத்தைக் கரைக்க ஹயலூரானிடேஸ் என்று ஒரு மருந்து இருக்கிறது, சீக்கிரம் போட்டால் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். போட்டுக்கொள்ளும் முன் கேட்க வேண்டிய முதல் கேள்வியே அது உங்களிடம் இருக்கிறதா என்பதுதான். இரண்டாவது, இந்த ஊசியைப் போடப்போவது தோல் டாக்டரா, பிளாஸ்டிக் சர்ஜனா, இல்லை மூன்று நாள் பயிற்சி முடித்த வேறு யாராவதா. மூன்றாவது, ராத்திரி பத்து மணிக்கு எந்த எண்ணைக் கூப்பிட வேண்டும். மருந்துப் பெட்டிக்குள் பேட்ச் எண்ணோடு உரித்து ஒட்டும் ஸ்டிக்கர் வரும். அதில் ஒன்றைக் கேட்டு வாங்கி, அந்தத் தாளின் பின்பக்கத்தில் ஒட்டி, பக்கத்திலேயே அந்த எண்ணையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.