ஒரே ஜாமீன், பல பொறுப்புகள்!

ஏலச்சீட்டை எடுப்பவர் ஜாமீன் கொடுக்க வேண்டும் என்பது நாம் அறிந்ததே. ஒரே வீட்டுப் பத்திரத்தை நான்கு சீட்டுகளுக்கு ஜாமீனாக வைத்தால் என்ன ஆகும்? கிரிப்டோ நாணய உலகில் ஏறக்குறைய அதுதான் நடக்கிறது. அதற்கு 'ரீஸ்டேக்கிங்', அதாவது மறு ஈடு என்று பெயர்.

இதைப் பிரபலமாக்கிய 'ஐகன்லேயர்' திட்டத்தை 2021ல் தொடங்கியவர் ஸ்ரீராம் கண்ணன். சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் பயின்றவர். நமது பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் 2008ல் பதக்கம் பெற்று, பின்னர் அமெரிக்காவில் பேராசிரியரானவர்.

'ஈதீரியம்' என்பது பல்லாயிரம் கம்ப்யூட்டர்கள் சேர்ந்து எழுதும் பொதுக் கணக்கேடு. 2022 செப்டம்பர் முதல், அக்கணக்கைச் சரிபார்ப்பவர்கள் குறைந்தது 32 ஈதர் நாணயங்களை ஈடு கட்டுகிறார்கள். ஒழுங்காக வேலை செய்தால் ஊதியம் உண்டு. மோசடி செய்தால் ஈடு பறிபோகும். புதிதாகத் தோன்றும் சிறு சேவைகளால் இவ்வளவு ஈடு திரட்ட முடிவதில்லை. ஆகவே, ஏற்கெனவே கட்டிய ஈட்டையே அவற்றுக்கும் ஜாமீனாக்கலாம் என்றார் கண்ணன். சேவைக்குப் பாதுகாப்பு, ஈடு கட்டியவருக்குக் கூடுதல் வருமானம். யோசனை சிறந்தது என்பதில் ஐயமில்லை. 2024ல் இதில் 1,500 கோடி டாலருக்கு மேல் குவிந்தது.

ஆனால் ஜாமீன் என்றால், தவறியவரிடமிருந்து பறிக்க வழி இருக்க வேண்டுமல்லவா? 2024 ஏப்ரலில் சேவைகள் தொடங்கின. பறிக்கும் விதியோ 2025 ஏப்ரலில்தான் அமலுக்கு வந்தது. ஓராண்டுக் காலம் அது பல்லில்லாத ஜாமீன்! ஒரு சேவைக்கென ஒதுக்கிய பங்கில் மற்றொரு சேவை கை வைக்க முடியாது என்ற நல்ல ஏற்பாடும் அப்போதுதான் வந்தது.

அடுத்த அபாயம், ஈட்டுக்குக் கொடுக்கப்படும் ரசீது. அந்த ரசீதும் சந்தையில் விற்பனையாகிறது. அதை அடகு வைத்துக் கடனும் வாங்குகிறார்கள். 2024 ஏப்ரலில் 'ரென்சோ' என்ற நிறுவனத்தின் ரசீது, ஈதரின் விலையை விட்டுத் திடீரெனச் சரிந்தது. கடன் வாங்கி முதல் போட்டவர்கள் நஷ்டமடைந்தார்கள். ஈதீரியத்தை உருவாக்கிய விட்டாலிக் புட்டெரின், பிரதான கணக்கேட்டின் தலையில் அளவுக்கு மீறிச் சுமை ஏற்ற வேண்டாம் என்று 2023 மே மாதமே எச்சரித்திருந்தார்.

நம் நாட்டில் வங்கி டெபாசிட்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை இன்ஷூரன்ஸ் உண்டு. கிரிப்டோவுக்கு அது இல்லை. லாபத்தில் 30 சதவிகிதம் வரி. ஒரு நாணயத்தில் வந்த நஷ்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்கவும் 2022 முதல் வழியில்லை.

மில் கூலியிலும் ஆபீஸ் சம்பளத்திலும் மிச்சம் பிடித்தவர்கள், "கூடுதல் வட்டி" என்று யாரேனும் சொன்னால் ஒன்றைக் கேட்க வேண்டும்: என் பணம் எத்தனை பேருக்கு ஜாமீன்? தெளிவான பதில் வராவிட்டால், பணம் கையிலேயே இருப்பது நல்லது.