எந்தப் பிரிவில் எழுதியுள்ளது?

பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கத்துச் சிற்றூரொன்றில் தமிழெழுத்தைக் கூட்டிப் படிக்கும் பிள்ளைக்கும் தில்லி அமைச்சர்க்கும் என்ன பகை? ஒன்றுமில்லை. ஆயினும் அப் பிள்ளையின் பள்ளிக்குரிய பணத்தைத்தான் தில்லி பிடித்து வைத்தது.

தமிழகப் பள்ளிகட்கு 2024-25ஆம் ஆண்டிற்கு நடுவணரசு தரவேண்டிய பங்கு 2,152 கோடி உருவா. 'சமக்ர சிக்சா' என்று நம் வாயில் நுழையாப் பெயருடைய அத் திட்டத்தில் நடுவணரசுக்கு 60 பங்கு, மாநிலத்திற்கு 40 பங்கு. அந்த 60 பங்கும் வானத்தினின்று விழுவதன்று. நம் உழவனும் நெசவாளியும் கட்டிய வரிப்பணமும் அதில் உண்டு. ஆசிரியர் ஊதியமும், உடற்குறையுற்ற பிள்ளைகட்கான சிறப்பாசிரியரும் அதை நம்பியே உள்ளனர். புதிய கல்விக் கொள்கைக்கு உடன்பட்டுக் கையெழுத்திட்டாலன்றி அது வாராது என்றனர்!

2025 பிப்பிரவரி 15-இல் காசியிலிருந்து கல்வியமைச்சர் தருமேந்திர பிரதான், தமிழகம் இந்திய அரசமைப்புக்கு உடன்பட்டே ஆகவேண்டும் என்றார். அவ் வரசமைப்பு நம்மைக் கேட்டுச் செய்யப்பட்டதா என்பது வேறு செய்தி. அவர் மொழிந்தபடியே அதைப் புரட்டிப் பார்ப்போம். 343ஆம் பிரிவு நடுவணரசின் அலுவல்மொழியைக் கூறுகின்றது. 345ஆம் பிரிவு மாநில அலுவல்மொழியை மாநிலச் சட்டமன்றமே தேர்ந்துகொள்ள விடுகின்றது. மும்மொழி எங்கே? எங்குமில்லை! அது 1968-இல் தில்லி எடுத்த கொள்கை முடிவு, அவ்வளவே. அதே 1968-இல், சனவரி 23 அன்று, நம் சட்டமன்றம் இருமொழியே போதுமென்று முடிவு செய்தது. கல்வி மாநிலப் பட்டியலினின்று பொதுப்பட்டியலுக்குப் பறிபோனதும், நெருக்கடிநிலைக் காலத்து 42ஆம் திருத்தத்தால்தான்.

பத்தாயிரங் கோடி கொடுத்தாலும் கையெழுத்திடேன் என்று அற்றை முதலமைச்சர் மு.க. இசுடாலின் கடலூரில் கூறினார். நன்று. ஆனால், அதை மறச்செயலென்று பாராட்டிக் கூத்தாட வேண்டா. அரசமைப்பின்மேல் உறுதிகூறிப் பொறுப்பேற்றவர் பணத்திற்காக அது கூறாததற்குத் தலையசைத்தல் எங்ஙனம் தகும்? அன்றியும், 2024 மார்ச்சில் அவராட்சியின் தலைமைச் செயலாளரே 'பி.எம். சிறீ' பள்ளித் திட்டத்தில் கையெழுத்திட அணியமாயுள்ளோம் என்று மடல் விடுத்தாரே, அஃது எதற்கு? அம் மடலைத்தான் தில்லி பின்னர் நம் கண்முன்னே ஆட்டிக் காட்டியது.

கேரள அரசைப் பாருங்கள். பணமுடைக்கு அஞ்சி 2025 அத்தோபரில் அதே திட்டத்தில் கையெழுத்திட்டது. கூட்டணிக் கட்சியே கொதித்தெழவும், ஒரு கிழமைக்குள் நிறுத்திவைத்தது.

தமிழக அரசு 2025 மே மாதத்தில் உச்ச வழக்குமன்றம் சென்று, 2,291 கோடியை வட்டியுடன் கேட்டது. வழக்குக் கட்டுகள் அங்கே அடுக்கப்பட்டுக்கொண்டிருக்கையில், இங்கே பாப்பிரெட்டிப்பட்டிப் பிள்ளைகள் அடுத்த வகுப்புக்கு ஏறிவிட்டனர்.