சம்பளத்தைக் கேட்கிறீர்கள், வெள்ளிக்கிழமையையும் கேளுங்கள்

நேற்றும் ஒரு தம்பி இன்பொக்ஸில் வந்தார். "சேர், மாலைதீவுக்கு இங்கிலிஷ் டீச்சிங் போக யோசிக்கிறேன். சம்பளம் எப்படி? ரூம் தருவாங்களா?" மாதத்துக்கு இரண்டு மூன்று பேராவது இப்படிக் கேட்கிறார்கள். லீவு நாளில் அங்கே என்ன செய்வீர்கள் என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. போகும்போது நானும் கேட்கவில்லை. பதிவு கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2022 ஞாபகம் இருக்கும்தானே. மார்ச் ஆரம்பத்தில் 200 ரூபாய்ச் சொச்சமாக இருந்த டொலர் மே மாதம் 360ஐத் தொட்டது. அரச ஊழியர்கள் ஐந்து வருஷம் வரை சம்பளமற்ற விடுமுறையில் வெளிநாடு போகலாம் என்று 14/2022 சுற்றறிக்கை வந்தது. வீட்டுக் கடன், உம்மாவின் மருந்து, பிள்ளைகள் இரண்டு பேர். நானும் பைலைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டேன். கல்வியியற் கல்லூரியில் என்னோடு படித்தவர்களில் இன்னும் சிலரும் அந்த வருஷம்தான் போனார்கள். மாலைதீவில் பாடங்கள் இங்கிலிஷில் நடக்கின்றன, உள்ளூர் ஆசிரியர்கள் போதாது. இலங்கை, கேரளா, தமிழ்நாட்டு ஆசிரியர்களை அங்கே எந்த அட்டோலிலும் பார்க்கலாம்.

அந்த நாட்டில் ஏறத்தாழ 1200 தீவுகள். மக்கள் வசிப்பவை 200க்கும் குறைவு. எனக்குக் கிடைத்தது ஒரு கரையில் நின்றால் மறு கரைக்கு நடந்து போக இருபது நிமிஷம் எடுக்காத தீவு. நமுனுகுல மலையைப் பார்த்து வளர்ந்தவனுக்கு அண்ணாந்து பார்க்க ஒன்றுமில்லாத ஊர் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அங்கே வார விடுமுறை வெள்ளியும் சனியும். கேட்கும்போது எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. முஸ்லிம் நாடு, ஜும்ஆவுக்கு ஓடி ஓடிப் போகத் தேவையில்லை. ஆனால் குத்பா திவெஹி மொழியில். முதல் மாதங்களில் அல்லாஹ், ரசூல் என்ற சொற்களையும் ஓதும் ஆயத்துகளையும் தவிர ஒன்றும் விளங்காது. ஸலாம் கொடுத்து முடிந்ததும் எல்லோரும் கைகொடுப்பார்கள், சிரிப்பார்கள், வீட்டுக்குப் போய்விடுவார்கள். அவர்களில் குறை இல்லை. வெள்ளிக்கிழமை குடும்பத்தோடு சாப்பிடுகிற நாள். பதுளையில் நானும் அப்படித்தானே போவேன்? பள்ளிவாசல் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டு நிற்கிற வெளியூர்க்காரரை நான் எத்தனை தடவை திரும்பிப் பார்த்திருக்கிறேன்?

அன்றைக்கு எங்கள் தீவுக்குப் படகும் இல்லை. கடற்கரையில் கயிற்று வலையில் பின்னிய ஆசனங்கள் இருக்கும், ஜோலி என்பார்கள். அதில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருப்பேன். மாலையில் பையன்கள் பந்தடிப்பார்கள். கடையில் ஹெதிகா என்ற மீன் பலகாரமும் பிளேன்டீயும். (ருசி நல்லது. இரண்டு வருஷத்தில் என் உடம்பு ஏழு கிலோ ஏறியதற்கு அதுதான் காரணம்.)

வீட்டோடு பேசலாமே என்பீர்கள். அங்கேதான் கணக்குப் பிழைத்தது. எனக்கு லீவான வெள்ளிக்கிழமை பிள்ளைகளுக்குப் பாடசாலை. அவர்களுக்கு லீவான ஞாயிறு எனக்குப் பாடசாலை. பொதுவாக இருப்பது சனி மட்டும், அதிலும் பாதி நாள் டியூஷன். நேர வித்தியாசம் அரை மணித்தியாலம்தான். ஆனால் நான் எடுக்கும்போது மகள் வகுப்பில், மகள் எடுக்கும்போது நான் வகுப்பில். ஒரு சனிக்கிழமை சின்னவன் போனை வாங்கி, "வாப்பா, கெதியா சொல்லுங்க, விளையாடப் போகணும்" என்றான். அவனில் பிழையில்லை. அன்றைக்குப் பகல் நான் சாப்பிடவில்லை.

எங்களோடு தமிழ்நாட்டுக் கணித ஆசிரியர் ஒருவர் இருந்தார். அதே தரத்து அறை, சம்பளமும் நேரத்துக்கு. நாலாவது மாதம் ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு போய்விட்டார். திறமையானவர், கடன் வேறு இருந்தது. ஞாயிறு முதல் வியாழன் வரை அவர் சிங்கம் மாதிரி. வெள்ளி வந்தால் கதவைப் பூட்டிக்கொள்வார்.

நான் தங்கியதற்குக் காரணம் என் மன உறுதி என்று சொல்ல ஆசைதான். உண்மை வேறு. என் வகுப்புப் பிள்ளை ஒருத்தியின் தகப்பன் ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் கதவைத் தட்டி, "சேர், மீன் பிடிக்க வாறீங்களா?" என்று கையால் சைகை காட்டினார். அவர் படகை தோனி என்பார், நான் தோணி என்பேன். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு இரவு முழுக்கத் தூண்டில் போட்டோம். அதற்குப் பிறகு வாரா வாரம் கூப்பிட்டார். மறுநாள் அவர்கள் வீட்டில் மஸ் ஹுனியும் ரொட்டியும். ஆறு மாதத்தில் குத்பாவும் அரைகுறையாக விளங்கத் தொடங்கியது. அந்த மனிதர் தட்டியிருக்காவிட்டால் அடுத்த விமானத்தில் நானும் வந்திருப்பேன்.

இப்போது பதுளைக்கு வாருங்கள். வெள்ளிக்கிழமை பின்னேரம் பஸ் நிலையத்தில் போய் நின்று பாருங்கள். பசறை, லுணுகலை, பிபிலை வழியாகச் செங்கலடி வரை போகிற ஏ5 வீதி பஸ்ஸில் பாதிப்பேர் ஆசிரியர்கள். மட்டக்களப்பு, கல்முனைப் பக்கத்துப் பிள்ளைகள். நம் தோட்டப் பாடசாலைகளில் படிப்பிக்க வந்தவர்கள். நேரத்தோடு பஸ் பிடிக்க வேண்டும் என்பதால் வெள்ளி கடைசிப் பாடம் பல இடங்களில் நடப்பதில்லை. அது பிழை, நான் அதற்கு வக்காலத்து வாங்கவில்லை. நியமனக் கடிதத்தோடு இடமாற்றக் கடிதத்தையும் எழுதி வைத்துக்கொண்டு வருபவர்களும் உண்டு.

ஆனால், "வெளியூர் டீச்சர்மார் இங்க நிக்கமாட்டாங்க" என்று நாம் சொல்லும்போது அவர்களுக்குச் சனிக்கிழமை என்ன வைத்திருக்கிறோம்? பசறைப் பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கும் இங்கிலிஷ் டீச்சர் தங்கச்சி ஒருத்தி சொன்னாள்: அவளுக்குக் கிடைத்த அறையில் தண்ணீர் காலையில் ஒரு மணித்தியாலம்தான். லீவில் தங்கினால் பேச ஆளில்லை. ஒன்றரை வருஷத்தில் ஒரு வீட்டாரும் சோறு சாப்பிடக் கூப்பிடவில்லை. ஒக்டோபர் 6 ஆசிரியர் தினத்துக்கு மட்டும் மாலையும் பேனையும். லயத்துப் பெற்றார் கூப்பிடாததற்குக் காரணம் வேறு, தங்கள் வீட்டுக்கு டீச்சர் வருவாவா என்ற கூச்சம். டவுனில் இருக்கும் நமக்கு அந்தக் கூச்சமும் இல்லையே.

நான் போனதும் ஒரு வெற்றிடம்தான். நான் விட்டுப்போன வகுப்புக்கு இரண்டு வருஷம் நிரந்தரமாக இங்கிலிஷ் ஆசிரியர் வரவில்லை. அந்தப் பிள்ளைகள் சாதாரண தரத்தை எப்படி எழுதினார்கள் என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் போகாதீர்கள் என்று யாருக்கும் சொல்லும் தகுதி எனக்கு இல்லை. வந்தவர்களை நிற்க வையுங்கள் என்று மட்டும் கேட்கிறேன். விடுதி கட்டுவது அரசாங்கத்தின் வேலை. தண்ணீர்த் தொட்டி வைக்க பாடசாலை அபிவிருத்திச் சங்கம் போதும். சனிக்கிழமை சோற்றுக்கு சங்கம்கூடத் தேவையில்லை.

வருகிற சனிக்கிழமை அந்தத் தங்கச்சியும் அவளோடு வேலை செய்யும் இன்னும் இரண்டு டீச்சர்மாரும் எங்கள் வீட்டுக்கு வருகிறார்கள். மனைவி இப்போதே கோழிக்குச் சொல்லிவிட்டா. ஒருவர் சைவம் என்று இன்று காலைதான் தெரிந்தது.

இன்பொக்ஸ் தம்பிக்குச் சம்பள விவரத்தைத் தனியாக அனுப்பியிருக்கிறேன். எந்தத் தீவு என்று கேட்டு எழுதுங்கள் தம்பி, படகு எந்தெந்த நாள் என்று விசாரித்துச் சொல்கிறேன்.