யாருடைய நிலத்தில் விளைந்த அரிசி? – ஜஹீராபாத் தலித் பெண்களின் மாற்று ரேசனும் நமது உணவு உரிமையும்

2023ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் அவை பன்னாட்டுச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. ஒன்றிய அரசு சிறுதானியங்களுக்கு 'ஸ்ரீ அன்ன' என்று பெயர் சூட்டியது. மாநாட்டு விருந்துகளில் கம்பும் கேழ்வரகும் பரிமாறப்பட்டன. நகரத்து அங்காடிகளில் தினையும் சாமையும் அரிசியைக் காட்டிலும் பன்மடங்கு விலைக்கு விற்கப்படுகின்றன. இந்தத் தானியங்களை மானாவாரி நிலத்தில் தலைமுறைகளாக விளைவித்தவர்கள் யார், அவர்கள் ஏன் இவற்றைக் கைவிட நேர்ந்தது, அவர்களுடைய நிலம் இன்று யார் கையில் இருக்கிறது என்ற கேள்விகள் மட்டும் அந்தக் கொண்டாட்டத்தில் இடம்பெறவில்லை.

இக்கேள்விகளுக்கு விடை தேட, தெலங்கானாவின் சங்காரெட்டி மாவட்டத்திலுள்ள ஜஹீராபாத் பகுதியை நாம் பார்க்க வேண்டும். உணவு உரிமை என்பது ரேசன் கடையில் தொடங்கி ரேசன் கடையிலேயே முடிந்துவிடும் ஒன்றல்ல என்பதை அங்குள்ள தலித் பெண்கள் நாற்பது ஆண்டுகளாக நடைமுறையில் நிறுவி வருகின்றனர். அவர்கள் மீட்டெடுத்த நிலத்தின் மீதே இப்போது தொழில் மண்டலம் என்ற பெயரில் அரசின் கை விழுந்திருக்கிறது என்பதால், இது நமக்கு வரலாற்றுச் செய்தி மட்டுமல்ல.

இரண்டு ரூபாய் அரிசியின் இரு முகங்கள்

1983இல் ஒன்றுபட்ட ஆந்திரப் பிரதேசத்தில் என்.டி. ராமராவ் அரசு கிலோ இரண்டு ரூபாய்க்கு அரிசி வழங்கத் தொடங்கியது. அத்திட்டம் ஏழைகளின் பட்டினியைக் குறைத்தது. அதை நாம் சிறுமைப்படுத்தவில்லை. ஆனால் அரசு வாங்கிய நெல் பெரும்பாலும் பாசன வசதியுள்ள நிலங்களில் விளைந்தது. கிருஷ்ணா, கோதாவரி ஆற்றுப் பாசனப் பகுதிகளில் அத்தகைய நிலத்தின் பெரும்பகுதி ஆதிக்கச் சாதியினரிடம் இருந்தது. அரசின் கொள்முதல் பணம், உர மானியம், மின்சார மானியம் ஆகியவை அங்கே சென்றன.

அதே காலத்தில் ஜஹீராபாத் வட்டாரத்தில் தலித் குடும்பங்களிடம் இருந்தவை நிலச்சீர்திருத்தத்தின் பெயரால் அரசு ஒப்படைத்த ஓரிரு ஏக்கர் நிலங்கள். மேல்மண் ஆழமில்லாத, கல் நிறைந்த, மழையை மட்டுமே நம்பிய செம்மண் மேடுகள் அவை. அங்கே சோளமும் துவரையும் விளையும்; ஆனால் அவற்றை வாங்க அரசு முன்வரவில்லை. உழுவதற்கு மாடில்லை, எருவில்லை, கடனும் இல்லை. கடையில் மலிவு அரிசி கிடைத்தபோது, அந்த நிலத்தில் பாடுபட்டுச் சோளம் விளைவிப்பது கட்டுப்படியாகாத வேலையாயிற்று. நிலம் தரிசானது. நிலத்தின் உரிமையாளர்களே பிறர் வயலில் கூலிகளாயினர்.

இங்கே நாம் கவனிக்க வேண்டிய பொறியமைவு இதுதான். பொது விநியோகம் என்பது உண்பவருக்குத் தரும் மானியம் மட்டுமல்ல. விளைவிப்பவருக்குத் தரும் சந்தையும் ஆகும். எந்தத் தானியம் வாங்கப்படுகிறது என்ற முடிவு, யாருடைய நிலம் மதிப்புப் பெறும் என்ற முடிவாகவும் இருக்கிறது. தலித்துகள் இத்திட்டத்தில் உண்பவர்களாக மட்டுமே சேர்க்கப்பட்டனர். விளைவிப்பவர்களாக வெளியே நிறுத்தப்பட்டனர்.

சங்கங்களின் மாற்று ரேசன்

பஸ்தாபூரை மையமாகக் கொண்டு 1983இல் தொடங்கப்பட்ட டெக்கான் டெவலப்மெண்ட் சொசைட்டி என்ற அமைப்பு, சுற்றுவட்டார ஊர்களில் பெரும்பாலும் தலித் பெண்களைக் கொண்ட சங்கங்களை உருவாக்கியது. 1990களில் இச்சங்கங்கள் ஒரு மாற்றுப் பொது விநியோக முறையைச் செயல்படுத்தின. அதன் வழிமுறை எளியது.

தரிசாகக் கிடந்த நிலத்தை உழவும் எருவிடவும் விதைக்கவும் அந்நிலத்தின் உரிமையாளருக்குக் கடன் தரப்பட்டது. கடனைப் பணமாக அல்லாமல் சோளமாக, சில ஆண்டுகளில் பகுதி பகுதியாகத் திருப்பித் தர வேண்டும். அவ்வாறு சேர்ந்த சோளம் ஊரிலேயே சேமிக்கப்பட்டது. மழைக்காலத்தில் வேலையும் உணவும் அருகிவிடும் மாதங்களில், அந்தச் சோளம் ஊரின் மிக ஏழைக் குடும்பங்களுக்குக் குறைந்த விலைக்கு விற்கப்பட்டது. யார் மிக ஏழை என்பதைத் தாலுகா அலுவலகம் தீர்மானிக்கவில்லை. ஊர் வரைபடத்தைத் தரையில் வரைந்து, வீடு வீடாக விவாதித்து, சங்கத்துப் பெண்களே தீர்மானித்தனர். விற்ற பணம் மீண்டும் சங்கத்தின் நிதிக்கே வந்தது.

இதனால் ஒரே நேரத்தில் பல மாற்றங்கள் நிகழ்ந்தன. நிலம் விளைநிலமாயிற்று, களையெடுப்பும் அறுவடையும் ஊரிலேயே கூலி வேலையைத் தந்தன, சோளத்தட்டை மாட்டுக்குத் தீவனமாயிற்று, மாட்டின் எரு மண்ணுக்குத் திரும்பியது. சோளத்தோடு துவரை, பாசிப்பயறு, கொள்ளு, எள், தினை எனப் பல பயிர்கள் ஒரே நிலத்தில் கலந்து விதைக்கப்பட்டன. மழை பொய்த்து ஒன்று கருகினாலும் இன்னொன்று வீட்டுக்கு வரும். பயிர்களுக்கிடையே தாமே முளைக்கும் கீரைகள் காசில்லாமல் கறிக்குக் கிடைத்தன. களைக்கொல்லி தெளித்த வயலில் இக்கீரைகள் இருக்காது.

விதை இன்னொரு முக்கியமான களம். சங்கங்கள் ஊர்தோறும் விதைச் சேமிப்பை உருவாக்கின. விதை வாங்கியவர் அறுவடைக்குப் பின் கூடுதல் அளவாகத் திருப்பித் தருவது வழக்கம். விதைக்காக நிலக்கிழாரின் வாசலில் நின்றவர்களிடம் பிற்காலத்தில் பிற சாதி விவசாயிகளே விதை கேட்டு வரும் நிலை ஏற்பட்டது. 2008இல் இப்பெண்கள் தமக்கென ஒரு சமுதாய வானொலியையும் தொடங்கினர். 2019இல் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் ஈக்வேட்டர் விருது இச்சங்கங்களின் பணிக்கு வழங்கப்பட்டது.

சோறு என்பது கண்ணியமும்தான்

இவ்விடத்தில் நாம் ஓர் எச்சரிக்கையைச் சேர்க்க வேண்டும். "பாரம்பரிய உணவுக்குத் திரும்புங்கள்" என்ற அறிவுரையைத் தலித் மக்கள் ஐயத்தோடு பார்ப்பதற்கு நியாயமான காரணம் உண்டு. நமது சேரிகளில் மூத்தோரைக் கேட்டால், நெல்லுச்சோறு என்பது பொங்கலுக்கும் தீபாவளிக்கும் மட்டுமே கிடைத்த பொருள் என்பார்கள். நெல்லை நட்டு அறுத்த கைகளுக்குக் கூலியாகக் கிடைத்தது கூழுக்கான தானியமே. ஆகவே அன்றாடம் அரிசிச் சோறு உண்பது ஒரு சமூக விடுதலையாகவும் உணரப்பட்டது. 1927இல் மகாட் மாநாட்டில் செத்த மாட்டின் இறைச்சியையும் மிச்சில் உணவையும் மறுக்குமாறு அண்ணல் அம்பேத்கர் அழைப்பு விடுத்தார். இழிவோடு வரும் உணவை மறுப்பது உரிமைப் போராட்டத்தின் பகுதி என்பதை அது உணர்த்தியது.

எனவே தலித்துகள் சிறுதானியம் உண்ண வேண்டும் என்று எவரும் கட்டளையிட முடியாது. தாம் விளைவிக்க விரும்புவதை விளைவிக்கவும், உண்ண விரும்புவதை உண்ணவும் அவர்களுக்கு நிலமும் சந்தையும் பாதுகாப்பும் வேண்டும் என்பதே நமது வாதம். மாட்டிறைச்சிக்கும் முட்டைக்கும் இதுவே பொருந்தும். மலிவான புரதத்தைச் சட்டத்தாலும் வன்முறையாலும் தட்டிப் பறித்துவிட்டு, இரத்தசோகைக்கு ஆலையில் இரும்புச்சத்து சேர்த்த அரிசியைத் தீர்வாக முன்வைப்பது நேர்மையற்ற கொள்கையாகும். 2015இல் மத்தியப் பிரதேச அரசு அங்கன்வாடிகளில் முட்டை தர மறுத்ததை நாம் மறக்கவில்லை. மகாராஷ்டிரத்தின் இறைச்சித் தடைச் சட்டத்தைப் பெருமளவு ஏற்ற பம்பாய் உயர்நீதிமன்றமும்கூட, 2016இல், வெளிமாநிலத்தில் வெட்டப்பட்ட மாட்டின் இறைச்சியை வைத்திருப்பதைக் குற்றமாக்கிய பிரிவைத் தனியுரிமையின் அடிப்படையில் செல்லாது என்றது. உண்ணும் தெரிவு அரசியலமைப்பின் பாதுகாப்புக்கு உட்பட்டது என்பதற்கு இத்தீர்ப்பு நமக்குப் பயன்படும்.

மீட்ட நிலத்தின் மீது தொழில் மண்டலம்

ஜஹீராபாத்துக்குத் திரும்புவோம். இச்சங்கங்கள் இயங்கும் நியால்கல், ஜராசங்கம் மண்டலங்களில்தான் தேசிய முதலீட்டு உற்பத்தி மண்டலம் திட்டமிடப்பட்டது. அதற்கெனக் குறிக்கப்பட்ட பரப்பு 12,000 ஏக்கருக்கும் மேல். அதில் ஒப்படை நிலங்களும் அடங்கும்.

2015இல் தெலங்கானா அரசு அரசாணை 123 வாயிலாக, 2013ஆம் ஆண்டு நிலம் கையகப்படுத்தல் சட்டத்தைத் தவிர்த்து நேரடியாக நிலம் வாங்க வழி செய்தது. 2013 சட்டம் நிலமற்ற விவசாயக் கூலிகளையும் பாதிக்கப்பட்ட குடும்பமாக ஏற்று மறுவாழ்வு தரச் சொல்கிறது. அரசாணையோ நில உரிமையாளரிடம் மட்டுமே பேசியது. இப்பகுதி விவசாயக் கூலிகள் நீதிமன்றத்தை நாடினர். 2016 ஆகஸ்டில் ஹைதராபாத் உயர்நீதிமன்றத்தின் தனி நீதிபதி அந்த அரசாணையை ரத்து செய்தார். அரசு மேல்முறையீடு செய்தது. பின்னர் 2013 சட்டத்துக்கே மாநிலத் திருத்தம் கொண்டுவந்தது. நிலமற்ற கூலிகள் ஓர் அரசாணையை வீழ்த்த முடிந்தது. ஆனால் அரசு சட்டத்தையே மாற்றிக்கொள்ள முடிந்தது.

சட்டத்தின் மற்றொரு குறையையும் இங்கே சுட்ட வேண்டும். 2013 சட்டத்தின் 10ஆம் பிரிவு 'உணவுப் பாதுகாப்பு' என்ற பெயரில் அமைந்தது. அது முதன்மையாகக் காப்பது பலபோகம் விளையும் பாசன நிலத்தையே. மானாவாரி நிலத்துக்கு மொத்தப் பரப்பு வரம்பு என்ற தளர்ந்த பாதுகாப்பு மட்டுமே உண்டு. அதாவது நெல் விளையும் நிலம் எடுக்கப்பட்டால் உணவுக்கு ஆபத்து. சோளமும் துவரையும் விளையும் தலித் நிலம் எடுக்கப்பட்டால் அது வெறும் தரிசு. 1983இன் கொள்முதல் கொள்கையில் இருந்த அதே பார்வை முப்பது ஆண்டுகளுக்குப் பின் சட்டப் பிரிவாக நிற்கிறது.

தமிழ்நாட்டில் நாம் செய்ய வேண்டியவை

அனைவருக்குமான பொது விநியோகமும் மதிய உணவும் காலை உணவும் தமிழ்நாட்டின் பெருமைகள். அவற்றைக் காப்பது நமது கடமை. ஆனால் ஜஹீராபாத் எழுப்பும் கேள்வி இங்கும் பொருந்தும். 2023இல் நீலகிரி, தருமபுரி மாவட்டங்களில் அட்டைக்கு இரண்டு கிலோ கேழ்வரகு வழங்கும் முன்னோட்டத் திட்டம் தொடங்கப்பட்டது. கால்சியம் அரிசியைவிட முப்பது மடங்குக்கும் மேல் கொண்ட தானியம் அது. வரவேற்கிறோம். அந்தக் கேழ்வரகு யாரிடம் வாங்கப்படுகிறது? அதில் பட்டியல் சாதி, பழங்குடிப் பெண்களின் நிலத்தில் விளைந்தது எவ்வளவு?

இக்கேள்விகளை முன்னெடுக்கச் சட்டத்தில் இடமுண்டு.

முதலாவதாக, 2013ஆம் ஆண்டு தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 12ஆம் பிரிவு, விநியோகப் பொருள்களைப் பலவகைப்படுத்துவதையும், உள்ளூர் விநியோக முறைகளுக்கும் தானிய வங்கிகளுக்கும் ஆதரவு அளிப்பதையும், கடைகளின் நிர்வாகத்தைப் பெண்களிடமும் அவர்களது கூட்டமைப்புகளிடமும் தருவதையும் சீர்திருத்தங்களாகக் குறிப்பிடுகிறது. ஜஹீராபாத் பெண்கள் செய்தது இச்சட்டத்தின் மொழியிலேயே இடம்பெற்றுள்ளது. தலித் பெண்கள் குழுக்களிடமிருந்து நேரடிக் கொள்முதல் என்ற கோரிக்கையை இப்பிரிவின் கீழ் எழுப்பலாம்.

இரண்டாவதாக, மாநில உணவு ஆணையத்தில் பட்டியல் சாதியினர் ஒருவரும் பழங்குடியினர் ஒருவரும் இருக்க வேண்டும் என்று 16ஆம் பிரிவு கூறுகிறது. கடை நிலைக் கண்காணிப்புக் குழுக்களிலும் உரிய பிரதிநிதித்துவம் வேண்டும் என்கிறது 29ஆம் பிரிவு. உங்கள் ஊர்க் குழுவின் உறுப்பினர் பட்டியலைத் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் கேளுங்கள்.

மூன்றாவதாக, நிலம். செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீரின் அறிக்கையைத் தொடர்ந்து 1892இல் ஆங்கில அரசு வழங்க முடிவெடுத்த பஞ்சமி நிலங்களின் பெரும்பகுதி இன்று பிறர் கையில் உள்ளது. 1994இல் காரணையில் அந்நிலத்தைக் கேட்டெழுந்த போராட்டம் துப்பாக்கிச் சூட்டில் உயிர்களைப் பலிகொடுத்தது. ஊரின் 'அ' பதிவேட்டில் டி.சி. நிலம் எனக் குறிக்கப்பட்ட புல எண்களைக் கல்லூரி மாணவர்கள் தொகுத்தாலே பாதி வேலை முடிந்ததாகும். ஒதுக்கப்பட்ட நிலத்தை முறைகேடாக ஆக்கிரமிப்பதும், பயிரை அழிப்பதும், விளைச்சலை எடுத்துச் செல்வதும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(எஃப்), 3(1)(ஜி) பிரிவுகளின் கீழ் குற்றங்கள். காவல் நிலையங்கள் இவற்றைச் சிவில் தகராறு என்று சொல்லித் திருப்பி அனுப்புவதை வழக்கறிஞர்களாகிய நாங்கள் திரும்பத் திரும்பக் காண்கிறோம். அந்தப் பதிலை எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். அடுத்த கட்டத்துக்கு அதுவே ஆவணம்.

நான்காவதாக, சமைக்கும் கை. மதிய உணவுச் சமையலர் நியமனத்தில் தலித்துகளுக்கும் பழங்குடியினருக்கும் முன்னுரிமை தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2004 ஏப்ரலில் உத்தரவிட்டது. ஆயினும் 2018இல் திருப்பூர் மாவட்டத்தில் ஒரு தலித் பெண் சமையலரை ஆதிக்கச் சாதியினரின் எதிர்ப்புக்குப் பணிந்து அதிகாரிகள் இடமாற்றம் செய்ய முனைந்தனர். உணவு நீதி என்று நாம் பேசும்போது, தலித் கை விளைவித்ததையும் தலித் கை சமைத்ததையும் ஊர் முழுதும் ஒரே வரிசையில் அமர்ந்து உண்பதையும் சேர்த்தே பேசுகிறோம்.

இலவச அரிசி நமது உரிமை. அதை ஒரு கிலோவும் விட்டுத்தர மாட்டோம். ஆனால் அட்டையை நீட்டி நிற்கும் பயனாளியாக மட்டும் நம்மை வைத்திருக்கும் ஏற்பாட்டை ஏற்கவும் மாட்டோம். நிலமும் விதையும் கொள்முதலும் நமது கோரிக்கைப் பட்டியலில் ரேசன் அட்டைக்கு அடுத்த வரியிலேயே இடம்பெற வேண்டும். அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் அதைத் தீர்மானமாக முன்மொழிவதிலிருந்து தொடங்குவோம்.