துணைக்கு யார்?

கொரோனா காலத்தில் பிள்ளை பெற்ற தோழிகளிடம் பேசிப் பாருங்கள். பலரும் வலியைவிட, 'பக்கத்துல அம்மா இல்லையே' என்று தவித்ததைத்தான் சொல்வார்கள்.

2020 மார்ச் கடைசியில் பஸ்கள் நின்றபோது, கறம்பக்குடியைச் சுற்றியுள்ள கிராமத்துக் கர்ப்பிணிகளுக்கு செக்கப் போவதே பெரும்பாடு. 2021 ஜனவரியில் தடுப்பூசி வந்தும், கர்ப்பிணிகளுக்கு ஜூலையில்தான் அனுமதி கிடைத்தது.

பிரசவத்தின்போது பெண் விரும்பும் ஒருவர் உடனிருக்கலாம். தொற்று இருந்தாலும் மாஸ்க் போட்டுத் தாய்ப்பால் தரலாம் என்று உலக சுகாதார நிறுவனம் அப்போதே சொன்னது. அது தெரியாமல் தவித்தவர்கள் எத்தனை பேர்!

ஏழாம் மாதமே கிராம சுகாதார செவிலியரின் நம்பர், போக வேண்டிய ஆஸ்பத்திரி, துணைக்கு வருபவர் பெயர், 108 எல்லாவற்றையும் எழுதி, வீட்டில் எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்டிவையுங்கள். வலி வந்தபிறகு தேட நேரமிருக்காது.