ஏற்றிய ரத்தம் எங்கே போகிறது?

மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சர் அவர்களுக்கு,

மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் 1983-இலும் வேலூர் சி.எம்.சி.யில் 1986-இலும் தொடங்கிய எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை, இன்று முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்துக்குள்ளேயே வந்துவிட்டது. நல்ல காரியம். சிக்கல் வருவது நோயாளி வீடு திரும்பிய பிறகுதான்.

செங்கல்பட்டு மாவட்டத்துத் தேவனேரிக்கோ கொக்கிலமேட்டுக்கோ திரும்பியவருக்குச் சில மாதங்களில் மூச்சு வாங்குகிறது, முகம் வெளுக்கிறது. பக்கத்தில் பெரிய ஆஸ்பத்திரி என்றால் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரிதான். ஹீமோகுளோபின் 6 என்றால் ரத்தம் ஏற்றுவார்கள். இரண்டு வாரத்தில் மறுபடியும் அதே 6 வரலாம்.

இதற்கு மஜ்ஜைக் கொடையாளியின் ரத்த வகை வேறாக இருந்ததும் காரணமாகலாம், சைட்டோமெகலோ (சி.எம்.வி.) வைரஸுக்குக் கொடுத்த மருந்தே மஜ்ஜையை அமுக்கியிருக்கலாம். எளிதில் கண்ணுக்குத் தப்புவது பார்வோவைரஸ் பி19. 1975-இல் லண்டனில் இவோன் கொசார்ட் குழுவினர், ஹெபடைடிஸ் பி சோதனைக்கு வைத்திருந்த ரத்த மாதிரிகளில் தற்செயலாகக் கண்டது இது. மாதிரியின் எண்ணே பெயராக நின்றுவிட்டது. குழந்தைகளுக்குக் கன்னம் சிவந்து, லேசான காய்ச்சலோடு போய்விடும். இந்த வைரஸ், சிவப்பணுக்களை உருவாக்கும் தாய் அணுக்களில்தான் புகுகிறது. சிவப்பணுவின் ஆயுள் 120 நாள் என்பதால், ஆரோக்கியமானவருக்குப் பத்து நாள் உற்பத்தி நின்றாலும் தெரியாது. மாற்று சிகிச்சைக்குப் பின் எதிர்ப்பாற்றலை மருந்தால் அடக்கி வைத்திருப்பவரிடம் வைரஸ் மாதக்கணக்கில் தங்கிவிடுகிறது.

முதல் துப்பு மலிவானது. நீலச் சாயமிட்ட ஸ்லைடில், உள்ளே வலைபோல் இழையோடும் இளம் சிவப்பணுக்கள் நூற்றுக்கு ஒன்றிரண்டு தெரிய வேண்டும். தேடித்தேடியும் ஒன்றுகூட அகப்படாவிட்டால், மஜ்ஜையில் உற்பத்தியே நின்றிருக்கிறது. அடுத்து, வைரஸின் மரபணுவையே தேடும் பி.சி.ஆர். சோதனை. எதிர்ப்பொருள் சோதனையை இங்கே நம்ப முடியாது. எதிர்ப்பொருளே சரியாக உருவாகாத உடலில் அது ‘இல்லை’ என்று காட்டிவிடும். கொரோனாவுக்காக அரசு மருத்துவக் கல்லூரிகளில் நிறுவிய பி.சி.ஆர். கருவிகளுக்கு இந்த வேலையையும் கொடுக்கலாமே!

இந்த வைரஸுக்கென்று தனி மருந்து கிடையாது. பலரின் பிளாஸ்மாவிலிருந்து எடுக்கும் எதிர்ப்பொருளான இம்யூனோகுளோபுலினைத்தான் ரத்தநாளத்தில் ஏற்றுகிறார்கள். வழக்கமான அளவு கிலோவுக்கு 0.4 கிராம் வீதம் ஐந்து நாள். 60 கிலோ எடைக்கு 120 கிராம். சாமானியக் குடும்பத்துக்குத் தாங்காத செலவு. மாற்று சிகிச்சைக்குப் பிந்தைய தேவை என்று இதைக் காப்பீட்டு ஆணையில் வெளிப்படையாக எழுதிவைக்க வேண்டும்.

இன்னொன்று: மஜ்ஜை மாற்று செய்துகொண்டவர்களுக்குக் கதிர்வீச்சுக்கு உட்படுத்திய ரத்தமே ஏற்ற வேண்டும். இல்லையேல் ஏற்றிய ரத்தத்தின் வெள்ளணுக்களே நோயாளியின் உடலைத் தாக்கக்கூடும். செங்கல்பட்டுக்கு அது எங்கிருந்து, எத்தனை மணி நேரத்தில் வரும், யாருக்குப் போன் செய்வது என்று ஒரு சுற்றறிக்கை வரட்டும். இரவுப் பணியிலிருக்கும் பயிற்சி மருத்துவரின் மேஜைக்கு அது போய்ச் சேர வேண்டும்.