அர்த்தம் மட்டும் போதுமா?

சுசீந்திரத்தில் ஓர் உறவினர் வீட்டுக்குப் போயிருந்தேன். திண்ணையில் ஒரு பையன் ஆங்கிலச் சொற்களை உருப்போட்டுக்கொண்டிருந்தான். தினம் இருபது சொல். இடப்பக்கம் சொல், வலப்பக்கம் அர்த்தம். ஏதோ போட்டிப் பரீட்சையாம். "பரையா என்றால் சமூகம் ஒதுக்கியவன்" என்று சொல்லிவிட்டு அடுத்த சொல்லுக்குத் தாவினான்.

"மக்கா, அது எந்த ஊர்ச் சொல்லு?" என்றேன்.

"லத்தீனா இருக்கும், மாமா."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அது நம் சொல். பறை என்னும் வாத்தியத்திலிருந்து வந்த பெயர் என்று, யூலும் பர்னலும் 1886ல் வெளியிட்ட 'ஹாப்ஸன் ஜாப்ஸன்' அகராதியே சொல்கிறது. ஒரு ஜாதியாரின் பெயரை, ஒதுக்கப்பட்ட எவனுக்கும் பொதுப்பெயராக்கிவிட்டது ஆங்கிலம். அதற்காக ஆங்கிலத்தை மட்டும் வைது என்ன பயன்? அந்த அர்த்தத்தைக் கற்றுக்கொடுத்தவை நம் தெருக்கள் அல்லவா?

அந்தத் திண்ணையிலிருந்து கூப்பிடு தூரத்தில்தான் தாணுமாலயன் கோயில். அதைச் சுற்றியுள்ள வீதிகளில் 'அவர்ணர்' நடக்கக் கூடாதென்று ஒரு காலத்தில் தடை இருந்தது. நடக்கும் உரிமை கேட்டு 1926ல் இங்கே சத்தியாக்கிரகம் நடந்தது. திருவிதாங்கூர்க் கோயில்கள் எல்லா இந்துக்களுக்கும் திறந்தது 1936 நவம்பர் 12ஆம் தேதிப் பிரகடனத்தால்தான். தடுத்து நின்றவர்களின் வரிசையில் எங்கள் குடும்பத்து மூத்தவர்களும் இருந்தார்கள். அகராதி ஒரே வரியில் முடித்த அர்த்தத்துக்கு இந்த வீதிகளே பொழிப்புரை.

சொல்லின் பூர்வீகம் பண்டிதர்களுக்கு. நமக்கு அர்த்தம் போதும் என்பார்கள். போதாது என்பது என் கட்சி. பூர்வீகம் தெரியாதவனுக்குப் பிரயோகமும் தெரியாது. இந்தப் பையன் நாளைக்கு ஏதோ ஒரு நாட்டைப் 'பரையா தேசம்' என்று எழுதுவான். நல்ல ஆங்கிலம் என்று மார்க்கும் கிடைக்கும். பக்கத்துப் பெஞ்சுக்காரன் காதில் அது எப்படி விழும் என்பது மனப்பாடப் பட்டியலில் கிடையாது.

கட்டுமரத்தையும் சுருட்டையும் ஆங்கிலத்துக்கு நாம் தானம் செய்தோம் என்று மார்தட்டும் அன்பர்கள் வேறு இருக்கிறார்கள். கொடுத்த கணக்கில் இந்தச் சொல்லையும் அவர்கள் எழுதிக்கொள்ளட்டும்.

"இருபது வேண்டாம், இரண்டு படி. எங்கே பிறந்தது, எப்படிப் போச்சு, யாரைச் சுட்டுது என்று பார்" என்றேன்.

"அதொண்ணும் பரீட்சையிலெ கேக்கமாட்டாவ, மாமா."

கேட்க மாட்டார்கள்தான். அதுதான் என் புகார்.